முதலில் இசிஜி, பிறகு சீட்டு

நெஞ்சைப் பிடித்தபடி வந்தவர்களை நிமிர்ந்து நடந்து வீடு திரும்ப வைத்த, நேரம் தவறாத் தலைமைச் செவிலியரே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அக்காவே, வணக்கம்!

முப்பத்தோராண்டுப் பணியில் தாங்கள் முகம் சுளித்து நாங்கள் கண்டதில்லை என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதினால் இம்மடலுக்குச் சட்டமிட்டுப் போட்ட கண்ணாடியே விரிசல் விட்டுவிடும். சுளித்தீர்கள், நன்றாகவே சுளித்தீர்கள். மாரடைப்போடு வந்தவர் பதிவுச் சீட்டுக்காக வரிசையில் நிற்க, இசிஜி கருவியோ அலமாரியில் பூட்டிக் கிடக்க, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்த அந்தக் காலத்தில், "முதல்ல இசிஜி, அப்புறம் சீட்டு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று கருவியைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலுக்கே கொண்டுவந்த துணிச்சல்காரரே! அந்த இசிஜி படத்தைப் பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்குக் கைப்பேசியில் அனுப்பி, அவர் சொல்படி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடும் ஏற்பாட்டுக்கு, மேலிடத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியவரே!

அனுமதி வந்தும் எங்களுக்கு உள்ளூர உதறல்தான். முதலில் வந்த நோயாளியோ வெளியாள் அல்லர். நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வேர்த்துக் கொட்டியும், "வாயுதான்க்கா, ஒரு சோடா குடிச்சா போயிடும்" என்று வண்டியேறப் போனவரின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினீர்கள். படம் மாரடைப்பு என்றது. பெரிய மருத்துவமனைக்கோ இரண்டரை மணி நேரப் பயணம். ஊசியால் இரத்தம் கசியலாம் என்று கேட்டதும் அவர் மனைவி கையெழுத்திடத் தயங்கி, "போட்டா பிழைச்சுடுவாராக்கா?" என்றார்.

"சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா போடாம அனுப்பினா, போற வழியெல்லாம் இதயம் கெட்டுக்கிட்டே போகும். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றீர்கள். கையெழுத்து விழுந்தது, ஓட்டுநர் வந்த இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஊசியும் ஏறியது. அதன்பின் ஒரு மணி நேரம் அவர் மணிக்கட்டைத் தாங்கள் விடவேயில்லை.

அன்று தொடங்கி இன்றுவரை இருநூற்றுப் பதினேழு பேருக்கு அந்த ஊசி! சுற்றுவட்டாரத்தில் ஆறு மருத்துவமனைகள் நம்மைப் பார்த்து அப்படியே செய்கின்றன. எங்களுக்கோ பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

இனியேனும் கடிகாரம் பாராமல் உண்டு, கவலையின்றிக் கண்ணயர்ந்து, நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க!

இம்மடலை வாசிக்க இனிய குரல்காரர்கள் நால்வர் முன்வந்தும், ஒருவர் தாளை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை நீண்ட வாக்கியங்களையும் மூச்சு வாங்காமல் வாசித்து முடித்த இவர்தான் அந்த ஓட்டுநர், அக்கா.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
அவசர சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்