கடைசி எபிசோடின் மூச்சு

பெங்களூர் வேலைக்குப் போக, மாரிகுப்பத்திலேயே ரயில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். பங்காருபேட்டை வந்தபின் நிற்கவும் இடமிருக்காது. பன்னிரண்டு வருடமாக அந்த ஜன்னலோரத்தை என் கூட்டாளி எரிக்குக்கு நான்தான் விட்டுக்கொடுத்தேன். இதை முதலில் எழுதுகிறேன், மேடம். என்னைப் பொறாமை பிடித்தவன் என்று உங்கள் ஏட்டு சொன்னது காதில் விழுந்தது. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று சொல்லி நீங்கள் பேப்பர் கொடுத்ததால், நிதானமாகவே எழுதிவிடுகிறேன்.

ரயிலில் நாங்கள் பார்த்தது ஒரே தொடர். ஜப்பான்காரர்கள் வரைந்தது, ஆனால் சிறுபிள்ளைக் கார்ட்டூன் இல்லை. ஓட்டைக் கப்பலில் கிரகம் கிரகமாகச் சுற்றி, தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் வேட்டைக்காரர்களின் கதை. அந்தக் கிரகங்கள், தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த எங்கள் சயனைடு மேடு மாதிரியே இருக்கும். மரம் இல்லை, வேலை இல்லை, எல்லாரும் வேறெங்கோ போய்ச் சம்பாதித்துத் திரும்புவார்கள். அதை எங்கள் ஊர்த் தமிழில் பேசி யூடியூபில் போடும் யோசனை என்னுடையது. வசனம் நான், எடிட்டிங் நான். வேட்டைக்காரனின் குரல் மட்டும் எரிக். பிடிபடுகிறவர்கள் எல்லாருக்கும் நான் பேசினேன். இருபத்தைந்து எபிசோடில் இருபத்தைந்து தடவை பிடிபட்டேன். ‘குரல் யாரு தலைவா?’ என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். வசனம் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஜூலையில் பெங்களூர் டப்பிங் ஸ்டூடியோ ஒன்று அவனைக் கூப்பிட்டது. தொடரை முறைப்படி தமிழில் கொண்டுவருகிறார்களாம். அதே வேட்டைக்காரன், அதே குரல். ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது சொன்னான்.

“உன்னையும் சேத்துக்கங்கன்னு கேட்டேன்டா விநாயக். ரைட்டர் அவங்களாண்டயே இருக்காராம். நான் இன்னா பண்றது?”

“நல்லதுதானே, போடா” என்றேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். கடைசி எபிசோடை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதில் வேட்டைக்காரன் கப்பலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, காற்று தீர்ந்து, தனியாகச் சாகிறான்.

லைன் வீட்டில் அந்தக் காட்சியைப் பதிவு செய்ய முடியாது. சுவருக்கு அந்தப்பக்கம் குக்கர் விசிலடிக்கும். அதனால் மைசூர் மைன்ஸ் பக்கம் புதருக்குள் கிடக்கும் பழைய சுரங்கக் குழியைச் சொன்னேன். நாற்பதடி ஆழம், வெளிச்சத்தம் எட்டாது. அடியில் கெட்ட காற்று இருக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எரிக்குக்கும் தெரியும். “ஒரு டேக்குதானே. மணியடிச்சா தூக்கிடு” என்றான். கிணறு தூர் வாருகிறவர்களிடம் கை ராட்டினம் வாங்கி வந்தோம்.

நீங்கள் வெளியூர் என்பதால் இதைச் சொல்ல வேண்டும். சுரங்க ஷாஃப்டில் மேலே நிற்பவன், ஆளை ஏற்றி இறக்கும் கேஜைத் தன் இஷ்டத்துக்கு அசைக்கக் கூடாது. கீழேயிருந்து மணி வர வேண்டும். மூன்று அடித்தால் ஆளைத் தூக்கு என்று அர்த்தம். மணி வராமல் தூக்கி, பாதி ஏறியவனின் காலை முறித்த கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். எரிக் தன் அப்பாவின் கைமணியை எடுத்து வந்தான். விளிம்பில் கீறல் விழுந்த மணி, கரகரவென்று இழுக்கும். அவன் அம்மா மரியகுழந்தை தினமும் ஜெபத்துக்கு முன் அதைத்தான் அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவனைக் கீழே இறக்கினேன். மைக் அவன் சட்டையில், ஹெட்ஃபோன் என் காதில்.

மணி வரவில்லை என்று அன்று உங்களிடம் சொன்னேன். கை நழுவி, அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்திருக்கும் என்றேன். ‘வராவிட்டால் என்ன, இழுத்துப் பார்க்க வேண்டியதுதானே’ என்று நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மரியகுழந்தை ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மணி வராம எப்டிப்பா தூக்குவ? உம்மேல தப்பில்ல. சாப்டியா?”

இல்லை என்றேன். அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் எனக்கு ராத்திரிச் சோறு.

நாற்பதாம் நாள், அவன் நினைவாக, எபிசோடை வெளியிட்டேன். ஆன்ட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தார். வேட்டைக்காரன் மூச்சுக்குத் திணறும் இடத்தில், பின்னால் கரகரவென்று மூன்று மணி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. அவர் அழவில்லை. “இது எங்க வூட்டு மணிதானே, விநாயக்?” என்று மட்டும் கேட்டார். செருப்பைக்கூடப் போடாமல் உங்களிடம் வந்துவிட்டார்.

மணியை ஏன் வெட்டாமல் விட்டாய் என்று கேட்கிறீர்கள். அவ்வளவு நன்றாக இருந்தது, மேடம். எந்த ஸ்டூடியோவிலும் அப்படி ஒரு மூச்சு கிடைக்காது. ராட்டினத்தின் பிடியில் கை வைத்துத்தான் நின்றேன். ஒரு நிமிடம் பொறுத்தால் காட்சி முடிந்துவிடும் என்று பொறுத்தேன். பிறகு இன்னொரு நிமிடம். ஏழு தடவை அடித்தான், எல்லாம் மூன்று மூன்றாக. ஏழும் எனக்குக் கேட்டது. நான் சுற்றவில்லை. மூச்சு நின்றபின், பதிவை நிறுத்திச் சேமித்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட ஓடினேன்.

அவன் பெயரைக் கெடுக்க நான் நினைத்ததே இல்லை. அவன் பேசிய ஒரு சொல்லையும் இத்தனை எபிசோடில் நான் வெட்டியதில்லை. இதில் மட்டும், கடைசியில், வசனத்தை விட்டுவிட்டு “விநாயக், தூக்குடா” என்று இரண்டு தடவை சொன்னான். நான் எழுதிய வசனத்தில் அது இல்லை. அதனால் வெட்டினேன்.