புது மிஷினுக்குப் பொட்டு

– பிரிண்டர் சத்தம் கேக்குதாண்ணே?

– அது ஏசி சத்தம், வல்லி. கணக்கு முடிஞ்சாத்தான் பிரிண்டர் ஓடும். இப்பத்தான முப்பத்தஞ்சு நிமிசம் ஆயிருக்கு.

– நேத்து நம்ம பழைய த்ரீ எய்ட்டி சிக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு மணி அம்பது நிமிசம் ஆச்சில்ல?

– ஆமா. நானூறு பேரு சம்பளம், ஓவர்டைம், பிஎஃப் எல்லாம் சேத்து. அதே கணக்கத்தான் இப்ப புது ஃபோர் எய்ட்டி சிக்ஸ்ல விட்டுருக்காவ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு.

– வாட்ச்ச கைல புட்சிகினு குந்திகினு கீறாரு, கண்ணாடிக் கதவு வழியா பாத்தேன். அந்த விக்க வந்த ஆளு, சரி பாதி நேரத்துல முடிச்சிக் காட்றேன்னு சவால் வுட்டுகீறான். நாம தொட்டா டெஸ்ட்டு கெட்டுப்பூடுமாம். அதுக்கோசரம் நம்மள வெளிய தொரத்திட்டு, இப்டி செருப்பு வுடுற எடத்துல குந்த வெச்சிட்டான்.

– பாதில முடிச்சா இன்னைக்கே வாங்கிருவாரு. வாங்குனா ரெண்டு ஆபரேட்டர் என்னத்துக்குன்னு நேத்தே எங்கிட்ட கேட்டாச்சு.

– அதுல ஆரு போவணும்னு கேக்கவே வாணாம். நீ ஒம்பது வருசத்து ஆளு. நான் போன பொங்கலுக்கு வந்தவ. எனுக்கு பயமா கீதுண்ணே. 

– தண்ணி குடி.

– வாணாம். வெள்ளானூர்ல எங்க ஊட்ல எனுக்குக் கண்ணாலம் பேசாம வாய மூடிகினு கீறாங்கன்னா இந்த வேலையாலதான். எங்கப்பா கூலிக்குப் போன கழனியெல்லாம் பிளாட்டாப் பூட்ச்சி. என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. அது நின்னா அடுத்த முகூர்த்தத்துல எங்க மாமனுக்குக் கட்டி வெச்சிடுவாங்க. அந்தாளுக்கு நாப்பது வயசு. மொத பொண்டாட்டி ஏன் கெணத்துல வியுந்தாள்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல.

– தெரியும். அன்னைக்கு கேன்டீன்ல அழுதேல்லா. அப்பவே கேட்டேன்.

– அண்ணே, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

– சொல்லு.

– புது மிஷின்ல டர்போ பட்டன அமுக்கிட்டேன்.

– என்னது?

– மெல்லப் பேசுண்ணே. காலைல அதுக்குப் பூஜை போடறப்ப, பூ வெக்கிற மாதிரி குனிஞ்சி அமுக்கிட்டேன். ஒரு தபா அமுக்குனா வேகம் பாதியாக் கொறையும், மறுக்கா அமுக்குனா ஏறிக்கும்னு நீதான சொல்லிக் குடுத்த? புதுசும் பழசு மாதிரியே நத்தையா ஓடுனா முதலாளி திருப்பி அனுப்பிடுவாரில்ல? தப்புதான். மாமன் மூஞ்சி கண்ணு முன்னால வந்து நின்னுச்சி, அமுக்கிட்டேன்.

– வல்லி, அமுக்குறதுக்கு முன்னால வேகத்தக் காட்டுற நம்பர் லைட்டப் பாத்தியா? அறுபத்தாறு எரிஞ்சுதா, முப்பத்திமூணு எரிஞ்சுதா?

– எங்க பாக்குறது? அது மேலதான் சந்தனத்த அடையாட்டம் அப்பி குங்குமம் வெச்சிகீதே. எனுக்கு அதான் தைரியமே. வேகம் கொறஞ்சா நம்பரு காட்டிக் குடுக்கும். இது வெளிய தெரியாதேன்னு நெனச்சேன். அந்த விக்க வந்த ஆளு கூட பொட்டத் தொட்டு கண்ல ஒத்திகினுதான் குந்துனான். ஏண்ணே, வேர்த்துக் கொட்டுது உனுக்கு?

– அந்தப் பொட்ட யாரு வச்சான்னு நெனைக்க?

– வாட்ச்மேன் துலுக்கானம் அண்ணன்தான். ஆயுத பூஜைக்கு அல்லா மிஷினுக்கும் அவருதான வெப்பாரு.

– அவரு வைக்கல. நான் வச்சேன்.

– நீயா? ஞாயித்துக்கெழம ஆனா பைபிள் எடுத்துகினு சர்ச்சுக்குப் போறவன், நீ எதுக்கு சந்தனம் வெச்ச?

– நம்பரு தெரியப்படாதுன்னுதான். பொட்ட ஒருத்தனும் தொடைக்க மாட்டான்லா. காலைல ஏழரைக்கே வந்துட்டேன். சாவி எங்கிட்டதான இருக்கு. வந்து…

– வந்து?

– அந்தப் பட்டன நானும் அமுக்கிட்டேன்.

– அண்ணே.

– உன்ன அனுப்பிருவாவளேன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. ஆண்டவர் மன்னிப்பாருன்னு சொல்லிக்கிட்டே அமுக்குனேன்.

– அப்ப ஏழரைக்கு நீ கொறச்சிட்ட. ஒம்பதரைக்கு நான்…

– நீ ஏத்திட்ட.

– அய்யோ. நான் சும்மா இருந்திருந்தா போதுமா? கைய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா?

– அழாத. இன்னும் நேரம் இருக்கு. நான் உள்ள போறேன். மேசைல மூக்குக் கண்ணாடிய வச்சிட்டேன்னு சொல்லி, எடுக்குற மாதிரி ஒரு அமுக்கு.

– வாணாம். முதலாளி மூஞ்சிக்கு நேரா அமுக்குவியா? மாட்டுனா உன்னையும் தொரத்துவாங்க. அண்ணிக்கு எட்டாம் மாசம்.

– என்ன எவன் தொடுவான்? இந்த அம்பத்தூர் எஸ்டேட்ல நம்ம கம்பெனிக்கு மொத மிஷின் வந்தப்போ அட்டப்பெட்டியப் பிரிச்சவன் நான். சம்பளக் கணக்கு ப்ரோகிராம் பூரா என் கை எழுதுனது. திட்டுவாரு, அவ்வளவுதான். கைய விடு.

– வுட மாட்டேன். குந்து சொல்றேன்.

– விடு வல்லி. ஒரு நிமிசம் போனாலும்…

– இரு. அது இன்னா சத்தம்?

– பிரிண்டர்.

– எத்தினி நிமிசம்?

– நாப்பத்தொண்ணு.

– பாதி கூட ஆவல. அவ்ளோதாண்ணே. அவ்ளோதான். ஊட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட இத எப்டி சொல்லுவேன்?

– நான் முதலாளிட்ட பேசுதேன். கால்ல விழச் சொன்னாலும் விழுதேன். நீ மொகத்தத் தொடை, துலுக்கானம் வாராரு.

– இன்னா ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? உள்ள ஸ்வீட்டு டப்பாவே பிரிச்சிட்டாங்க.

– துலுக்கானம் அண்ணே, முதலாளி இன்னா சொன்னாரு? மறைக்காத சொல்லு.

– புது மிஷின வாங்கிட்டாரு. இனிமே ஒரு ஆளு போதுமாம்.

– சரிண்ணே. என் டிபன் டப்பா உள்ள கீது. அத மட்டும் எடுத்துகினு நான் கெளம்புறேன்.

– நீ எங்கமே கெளம்புற? உன்ன உள்ள வந்து குந்த சொன்னாரு. அல்லாம் மிஷினே செய்யுது, பட்டன் தட்றதுக்கு ஒம்பது வருசத்து ஆளுக்கு எதுக்கு அம்மாம் சம்பளம்னு கேக்குறாரு. பால்ராஜு, மனசுல வெச்சிக்காத நைனா, கம்ப்யூட்டர் ரூம் சாவிய என்னாண்ட குடுத்துட சொன்னாரு.