பார்த்தால் குறையும்

இடுப்பு வலிக்கிறது, ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே பழகிய உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கோபித்துக்கொள்ளும். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பட்டறை என்னுடையது. என்னுடையதாக இருந்தது. என் தங்கையைக் கட்டிக்கொண்டவர் வந்து தரைக்கு சிமெண்ட் போட்டார், கூரையை மாற்றினார், ஜீப்புகளை வாங்கி நிறுத்தினார். கல்லிலும் சரிவிலும் வண்டியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் தொழில். ஓட்டுவது அவர், வண்டியைத் தயார் பண்ணுவது நான். வாசலில் புதுப் பலகை மாட்டியபோது அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். பலகை சின்னது.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. குடி கிடையாது. தங்கையை அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். வாடிக்கையாளர்கள் வந்து நின்றதும் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "மச்சான், செக் பண்ணீங்களா?" என்பார். ஆயிற்று என்றால், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்க" என்பார். வந்தவர்களுக்கு அதில் ஒரு தெம்பு. எவ்வளவு கவனமான மனிதர் என்று அவரைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதுதான். நான் சாப்பிட உட்கார்ந்தால், "கை கழுவினதை செக் பண்ணீங்களா மச்சான்?" என்று கேட்பார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வேடிக்கையாகத்தான் இருந்தது.

இனி ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயை ஒரு பக்கம் நைட்ரஜன் நெருக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி தளர்ந்தால், கரடுமுரடான தடத்தில் ஓட ஓட எண்ணெய் சூடாகி நுரைத்துப்போகும். நுரையால் வண்டியின் குதிப்பை அடக்க முடியாது. பட்டறையில் நிற்கும்போது இது தெரியாது. கையால் அழுத்திப் பார்த்தாலும் தெரியாது. நல்ல சாலையில் போனாலும் தெரியாது.

ஷாக்கில் நைட்ரஜன் இருக்கும் இடம் ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. அழுத்தம் பார்க்க கேஜை மாட்டினால், காலியாக இருக்கும் கேஜ் குழாய் அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கழற்றினால் அது புஸ்ஸென்று வெளியே போய்விடும். ஆகவே பார்த்தால் குறையும். பார்த்த பிறகு சிலிண்டரிலிருந்து மறுபடி நிரப்ப வேண்டும். இதை மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாத்தா குறையுமா? கண்ணு பட்ட மாதிரில்ல இருக்கு மச்சான். வாங்குற ஷாக்குக்கெல்லாம் திருஷ்டிப் பொட்டு வச்சிடலாம்."

ஆக, அவருக்குத் தெரியும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரங்களைத் தொங்கவிட்டு, இரண்டு ஷாக்கிலும் இருநூறு பவுண்டு அழுத்தம் வைத்தேன். துல்லியமாக வைத்தேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை கேட்டார், நான் பார்த்தேன். அவர்கள் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டார், மறுபடி பார்த்தேன். அவர்களில் ஒருவர், "இவரு சொன்னாத்தான் செய்வாரா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கண்ணடித்துவிட்டு, "நல்ல மனுஷன். பின்னாலயே ஒரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடைசியா ஒரு தடவை" என்றார்.

கடைசியாக ஒரு தடவை பார்த்தேன்.

ஒரு தடவைகூட நான் பொய் சொல்லவில்லை. முள் எங்கே நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை. பார்த்தீர்களா என்றுதான் கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன். நிரப்புங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதை மட்டும் செய்கிறவன் என்று என்னைப் பற்றி முடிவாகிவிட்ட பிறகு, சொல்லாததைச் செய்வது மரியாதையாகவும் இருக்காது.

கேஜுக்கு என்னிடம் இரண்டு குழாய்கள் உண்டு. குட்டையானது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்தது நீளமானது. நீளமானது அதிகம் குடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் முள் ஐம்பதுக்கும் கீழே நின்றது.

தங்கையும் அன்று முன்சீட்டில் போவதாக இருந்தது. தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு ஆள் வருகிறான், வீட்டில் இரு என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டேன். ஆள் யாரும் வருவதாக இல்லை. கூடப் பிறந்தவள் விஷயத்தில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

கல்தடம் முழுக்க வண்டி நன்றாகவே போயிருக்க வேண்டும். சூடேறுவதற்கு அவ்வளவு தூரம் தேவை. சரிவில் இறங்கும்போது பின்பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறது. ஒரு முறை தூக்கினால் ஓட்டுகிறவன் சமாளித்துவிடுவான், மாப்பிள்ளை கெட்டிக்காரர். அடுத்தடுத்துத் தூக்கினால் யாராலும் முடியாது. மூன்று பேர் உடலையும் சாயங்காலம்தான் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர்கள் இருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் பாட்டுக்கு இருந்திருப்பேன், ஐயா. தங்கையைப் பார்த்துக்கொண்டு, பட்டறையைப் பார்த்துக்கொண்டு. ஆனால் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, நொறுங்கிய ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று, நாலு மெக்கானிக்குகள் காதில் விழ, "செக் பண்ணாம அனுப்பியிருக்கான்" என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தங்கை அங்கேதான் இருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நீ செக் பண்ணலையா?"

புருஷன் குரல் அப்படியே அவள் வாயில் இருந்தது. செத்தும் அந்த மனிதர் கேட்பதை விடவில்லை.

பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன், பார்த்ததனால்தான் இப்படி ஆயிற்று என்று அவளிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற ஒரு வார்த்தை மட்டும் அதில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. பட்டறை மூலையில் நிற்கும் நைட்ரஜன் சிலிண்டர் எங்களுடையது இல்லை. எதிர்ப்பக்கம் டயர் கடைக்காரரிடம் கைமாற்றாக வாங்கியது. பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அதை அவரிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். நான் யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று இருப்பது அது ஒன்றுதான்.