பெயர் தெரியாத மீனவர்

...நர்ஸிங் முடிச்சிட்டு வார்டுக்குப் போகப்போற பிள்ளைங்களே, என் பேச்சை இங்க கொஞ்சம் நிறுத்திக்கறேன். உங்களுக்குன்னே ஒரு சின்னக் கதை கொண்டு வந்திருக்கேன். அதைக் கேட்டுடுங்க... மீதியை அப்புறம் பேசலாம்.

நளாயினின்னு ஒரு ஓவியர். சென்னைக்காரங்க. செப்புத் தகட்டுல ஊசியால கீறி, ஆசிட்ல போட்டு எடுத்து, மை தடவி, அதைக் காகிதத்துல அழுத்திப் படம் எடுப்பாங்க. ஒரே தகட்டுல இருந்து பல படம் எடுக்கலாம். அச்சோவியம்னு சொல்வாங்க.

அவங்க படிக்கிற காலத்துல குளச்சல் பக்கம் கடற்கரைக்குப் போயிருக்காங்க. அங்க ஒரு மீனவர் உக்காந்து வலை பின்னிட்டிருக்காரு. முகத்துல அப்படியொரு களை. நின்னு வரைஞ்சாங்க. ஊருக்கு வந்து அதைத் தகட்டுல கீறி, அச்சு எடுத்தாங்க. முதல் கண்காட்சியிலயே அந்தப் படத்துக்கு நல்ல பேரு. அப்புறம் டெல்லியில வச்சாங்க, கொச்சியில வச்சாங்க... போன இடமெல்லாம் அந்தப் படத்து முன்னால கூட்டம் நிக்கும். கீழ ஒரு சின்ன அட்டை இருக்கும். அதுல என்ன எழுதியிருக்கும் தெரியுமா... 'பெயர் தெரியாத மீனவர்.'

வருஷங்கள் போச்சு. போன வருஷம் நாகர்கோவில்ல ஒரு கண்காட்சி. பழைய படம், புதுப் படம் எல்லாத்தையும் சேர்த்து வச்சாங்க. உள்ளூர் பேப்பர்ல செய்தி வந்துச்சு, கூடவே இந்த மீனவர் படமும் வந்துச்சு.

மறுநாள் காலையில ரெண்டு பேர் வர்றாங்க. ஒரு அம்மா, கூட காலேஜ் படிக்கிற பொண்ணு. அந்த அம்மா பேரு பிலோமினா. மத்த படம் எதையும் பாக்கல. நேரா அந்தப் படத்துக்கு முன்னால போய் நின்னாங்க. நின்னவங்க நின்னவங்கதான்... அசையல.

நளாயினி பக்கத்துல போய்க் கேட்டாங்க. "படம் பிடிச்சிருக்காக்கா?"

அந்த அம்மா திரும்பாமலே சொன்னாங்க. "இது எனக்க மாப்பிளயாக்கும்."

நளாயினி இன்னும் கிட்ட வந்தாங்க. அந்த அம்மா அப்போதான் அவங்க பக்கம் திரும்பினாங்க.

"நீங்கதான் வரைஞ்சதாம்மா? இவரு கடலுக்குப் போய்த் திரும்பி வரல. இவ அப்போ வயித்துல. வீட்டுல ஒரு கல்யாண போட்டோ இருந்துச்சு. இவ பிறந்த கொஞ்ச நாள்ல சுனாமியில கடல் ஊருக்குள்ள ஏறி வந்துச்சுல்லா, அதுல வீட்டோட அதுவும் போச்சு. பேப்பரப் பாத்துட்டு பக்கத்து வீட்டுக்காரிதான் ஓடி வந்தா. பிலோமி, உனக்க ஆளு மாதிரியே இருக்குட்டின்னா."

அப்போதான் அந்தப் பொண்ணு ஷைனி வாயைத் திறந்தா. "அம்மா... இவருதானா?"

"ஆமா மக்களே. இதாக்கும் உனக்க அப்பா."

அப்பா முகத்தை முதல் தடவையா பாக்குறா அந்தப் பொண்ணு. எங்க? ஒரு கண்காட்சிச் சுவர்ல. யோசிச்சுப் பாருங்க. நம்ம எல்லாருக்கும் அது ஒரு படம்... அவளுக்கு அது யாரு?

பிலோமினா கேட்டாங்க. "அவரு உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாராம்மா?"

இருபது வருஷத்துக்கு மேல ஆன விஷயம். ஆனாலும் நளாயினிக்கு ஞாபகம் இருந்துச்சு. "வெயில்ல நிக்காதீங்க, அந்த வள்ளத்து நிழல்ல நின்னு வரைங்கன்னு சொன்னாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. என் பேரு என்னன்னு கேட்டாரு..."

சொல்லிட்டே வந்தவங்க, அங்க நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்தினாங்க? அவரு இவங்க பேரைக் கேட்டிருக்காரு. இவங்க அவரு பேரைக் கேக்கல.

பிலோமினா முகத்துல மட்டும் லேசா ஒரு சிரிப்பு. "வெயில்ல நிக்காதன்னாரா? அது அவருதான்."

நளாயினி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "அக்கா, இந்தப் படம் உங்களுக்குத்தான். இப்பவே கழட்டித் தர்றேன்."

அந்த அம்மா வேண்டாம்னு தலையாட்டினாங்க. "இருக்கட்டும்மா. நாலு பேரு பாத்துட்டுப் போகட்டும். எல்லாம் முடிஞ்சு தந்தா போதும். ஒண்ணு மட்டும் கேக்கட்டா? கீழ எழுதிப் போட்டிருக்கியளே... பேரு தெரியாதவருன்னு. எனக்குத் தெரியும்லாம்மா. அவரு பேரு சிலுவைதாசன்."

சண்டை போடல. குரலை உசத்தல. அவ்வளவுதான் சொன்னாங்க.

நளாயினி அந்த அட்டையை எடுத்துட்டு, புது அட்டை ஒண்ணைக் கொண்டு வந்து ஷைனி கையில குடுத்தாங்க. "நீயே எழுதும்மா." அந்தப் பொண்ணு அட்டையைச் சுவர்ல வச்சு, படத்தை நிமிந்து நிமிந்து பாத்துக்கிட்டே அப்பா பேரை எழுதினா. எழுத்து கோணலாத்தான் வந்துச்சு. வேற அட்டை தரட்டுமான்னு யாரும் கேக்கல. கண்காட்சி முடியறவரைக்கும் அந்தக் கோணல் எழுத்துதான் இருந்துச்சு. முடிஞ்ச அன்னிக்கு நளாயினியே படத்தைக் கொண்டுபோய் அவங்க வீட்டுச் சுவர்ல மாட்டிட்டு, அங்கயே சாப்பிட்டுட்டு வந்தாங்க.

இப்போ சொல்லுங்க பிள்ளைங்களே. நளாயினி கெட்டவங்களா? இல்ல. அந்த முகத்தை அவ்வளவு ஆசையா, ஒவ்வொரு கோடா பாத்துப் பாத்து வரைஞ்சவங்க. அவ்வளவு பாத்தவங்களுக்கே, ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே... அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நீங்களும் நல்லாத்தான் பாத்துக்குவீங்க. நேரத்துக்கு மாத்திரை குடுப்பீங்க, புண்ணைத் துடைப்பீங்க, தூக்கி உக்கார வைப்பீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வார்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க? 'ஏழாம் பெட்டுக்கு டிரிப்ஸ் போட்டாச்சா?' 'அந்த ஆக்சிடென்ட் கேஸுக்கு ஆள் வந்தாச்சா?' பெட்டா அவரு? கேஸா அவரு?

தெரியாதவர், தெரியாதவர்னு சொல்றோமே... யாருக்குத் தெரியாதவர்? நமக்குத்தானே? எங்கயோ ஒரு வீட்டுல, அந்த ஏழாம் பெட்டோட பேரைச் சொல்லிக்கிட்டே ஒருத்தி சாமி கும்பிட்டுட்டிருப்பா.

கண்ணுங்களா, ஊசியைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி, 'ஐயா, உங்க பேரு என்ன?'ன்னு வாயைத் திறந்து கேளுங்க. சீட்டுலயே பேரு இருக்கேன்னு நினைக்காதீங்க. அவரு வாயால சொல்லட்டும்... நீங்க காதால கேளுங்க.