அரைநொடித் தாமதம்

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, ஐயா? ஒரு கிழமையாக எனக்குத் தடிமன். மற்றபடி நன்றாக இருக்கிறேன். அவசரமில்லை, ஆறுதலாகவே சொல்கிறேன்.

உதைபந்தாட்டம் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். ஒருவகையில் அது நல்லது. பார்க்கிறவர்கள் எல்லோரும் பந்துக்குப் பின்னாலேயே கண்ணை விடுவார்கள். நான் உதவிப் பயிற்றுநர். கோல் விழாமல் தடுக்கிற பின்களம் என் பொறுப்பு. எதிரணிக்கு மூலை உதை கிடைத்தால் எங்கள் ஆட்கள் யார் எங்கே நிற்பது, யார் எழும்பித் தலையால் அடித்து வெளியேற்றுவது என்பதெல்லாம் நான் வகுத்த ஒழுங்குதான். ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காத்து நிற்க வேண்டும். புதிய முறை. நான் நிறையப் படித்துக் கொண்டுவந்தது.

பருவகாலம் பாதி முடிந்தபோது எங்கள் கழகம் பட்டியலின் அடியில் கிடந்தது. ஒரேயொரு வெற்றி. வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை மூலை உதையில் வந்தவை. கழகத் தலைவர் தேவராசா என்னைக் கூப்பிட்டு, "லெனாட், ஆரை வைச்சிருக்கிறது, ஆரை அனுப்புறது எண்டு நீர்தான் பாத்துச் சொல்லவேணும். மூண்டு பேரையாவது குறைக்கவேணும்" என்றார்.

முதலில் என் ஒழுங்கைத்தான் சோதித்தேன். அதில் பிழை இல்லை. ஆகவே பிழை ஆட்களில் இருந்தது. ஆட்ட ஒளிப்பதிவுகளை வீட்டில் போட்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். கோல் காப்பாளன் கோபிசங்கர் உரும்பிராய்ப் பெடியன். கை நல்லது, வாய்தான் இல்லை. முன்னால் நிற்பவனைக் கூப்பிட்டு எச்சரிக்க வெட்கப்படுவான். இடது ஓரத்துத் தேனுஜன் முதல் பாதியில் மான், இரண்டாம் பாதியில் மாடு. இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள்.

பின்களத்தின் நடுவில் நின்ற றஜிந்தனில் குறையே இல்லை. குருநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. அவனுடைய தகப்பனும் நானும் ஒரே கோயில் பங்கில் வளர்ந்தவர்கள். அவனைப்போல் எழும்பித் தலையால் அடிக்கிறவன் இந்த லீக்கில் வேறு இல்லை. ஆனால் கோல் விழுந்த இடங்களில் எல்லாம் அவன் அரைநொடி பிந்தி எழும்பியிருந்தான். ஏலாதவன் பிந்தினால் அது பிழை. ஏலுமானவன் திரும்பத் திரும்பப் பிந்தினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அவன் ஒருமுறை எல்லோர் முன்னிலும், "அண்ணை, இடத்தைப் பாத்து நிண்டா ஆள் வழுகிப் போறான். ஆளை ஆள் பிடிச்சா நல்லம்" என்று சொன்னது உண்மை. அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான்காவது ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் தலையும் இவனுடைய தலையும் மோதின. விழுந்தான். நான் ஓரத்தில் நின்று, "ஒண்டுமில்லை, எழும்படா" என்றேன்; எழும்பினான். தாமதம் அதற்குப் பிறகுதான் கூடியது என்று நீங்கள் சொல்லலாம். நானும் கவனித்தேன். தோற்பதற்குக் காசு கொடுத்து ஆட்டத்தை விலைபேச வருகிறவன், சொல்லிக்கொள்ள ஒரு காயம் இருக்கிற ஆளாகப் பார்த்துத்தானே வருவான்.

அதன்பிறகு அவனைக் கண்காணித்தேன். பயிற்சி முடிந்தால் கழகத்தின் வான் வண்டியில் ஏறுகிறவன், ஒரு நாள் மானிப்பாய் பஸ்சில் ஏறினான். அவன் வீடு மற்றப் பக்கம். மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். தொப்பியை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி, வீடுகளுக்கு இடையே போகிற ஒரு ஒழுங்கைக்குள் போனான். வெளியே வர வெகுநேரம் எடுத்தது. மறுநாள் கேட்டேன்.

"நேற்று எங்கையடா போனனீ?"

"அம்மாவின்ரை சொந்தக்காரர் ஒராள் வருத்தமாக் கிடக்கிறார், அண்ணை. பாக்கப் போனனான்."

அவன் தாய்க்கு மானிப்பாயில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு பொய் எனக்குப் போதுமாக இருந்தது. அந்த ஒழுங்கைக்குள் ஒரு வைத்தியரின் வீடு இருந்தது என்பதும், மூன்று பேரைக் குறைக்கப்போகிறார்கள் என்ற கதை கேட்டு அவன் பயந்திருந்தான் என்பதும் பிறகு தெரிந்தவை.

பிறகு என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபோது அவன் மனைவி றொசாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, அவர் உங்களிட்டைச் சொல்லமாட்டார். அண்டைக்குத் தலை அடிபட்டதிலை உள்ளுக்கை ரத்தம் கசிஞ்சிருக்கலாமாம். பெரியாஸ்பத்திரியிலை படம் எடுக்கிறதுக்குத் திகதி குடுத்திருக்கு. அதுவரைக்கும் விளையாடவே கூடாதாம், பந்து தலையிலை படவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் சொன்னா இந்த மனிசன் கேக்குதில்லை. தேவராசா ஐயாவுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவினம் எண்டு பயம். நீங்கள் சொன்னாக் கேப்பார்."

"ஓம் பிள்ளை, நீர் பயப்பிடாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏன் இப்போது வந்து சொல்கிறாள்? ஏன் தலைவரிடம் போகாமல் என்னிடம்? அடுத்து வருவது நாங்கள் கட்டாயம் வெல்ல வேண்டிய ஆட்டம். அதில் அவன் மீண்டும் பிந்தப்போகிறான். காரணத்தை முன்கூட்டியே மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் ஒருவனைச் சோதிக்காமல் குற்றம் சொல்வது என் பழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, தேனுஜனையும் றஜிந்தனையும் மட்டும் மறித்தேன். தேனுஜன் மூலையிலிருந்து உயர்த்தி அடிக்க வேண்டும். றஜிந்தன் தலையால் அடித்து வெளியேற்ற வேண்டும். தலைக்குள் உண்மையாகவே இரத்தம் கசிகிறவன் மாட்டேன் என்பான். பொய் சொல்கிறவன், விலை கொடுக்க ஆளில்லாத மைதானத்தில் ஒழுங்காக அடிப்பான். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை, ஐயா. ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் நின்றான். வந்த பந்தையெல்லாம் அடித்தான். பிந்தவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆறுதல். நான் பிழையாக நினைக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தேனுஜன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணை, காணும், விடுங்கோ. அவருக்கு ஏதோ செய்யுது."

றஜிந்தன் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான். "அண்ணை, பந்து ரெண்டாத் தெரியுது" என்றான்.

"ரெண்டிலை எது உண்மையான பந்தெண்டு உனக்குத் தெரியுமடா. அதை அடி" என்றேன். தேனுஜனுக்குக் கையைக் காட்டினேன்.

அடித்தான். சுத்தமான அடி, பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. காலூன்றி இறங்கினான். புல்லில் குந்தினான். பிறகு, நித்திரை வந்தவன்போலச் சரிந்து படுத்தான்.

அம்புலன்சுக்கு நான்தான் போன் அடித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியர், முன்பு தலையில் அடிபட்டதா, யாரும் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். என் மதிப்பீடு அப்போது முடிந்திருக்கவில்லை. முடியாத ஒன்றைப் பிறரிடம் சொல்வது நியாயமில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள். அவன் கண் விழிக்கவில்லை, வெள்ளிக்கிழமை இறந்தான்.

அவன் காயத்தை மறைத்துவிட்டான் என்று தேவராசா எல்லோரிடமும் சொன்னார். தேனுஜனும் பயத்தில் வாய் திறக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அடக்கம் முடிந்து சேமக்காலையில் கல்லறையருகே நின்றபோது றொசாந்தி வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்கள் சொல்லியும் கேட்டிருக்கமாட்டார் அண்ணை, எனக்குத் தெரியும். நீங்கள் மனசை விடாதையுங்கோ" என்றாள்.

அந்தக் கையை நான் விலக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடிக்க வைத்தேன். பந்து இரண்டாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகும் அடிக்க வைத்தேன். வைத்தியரிடம் பொய் சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே வைக்க வேண்டுமோ வைக்கிறேன்.

ஆனால் நானாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது அதற்காக மட்டும் இல்லை. நேற்று முன்தினம் அடுத்த ஆட்டம் நடந்தது. றஜிந்தனின் இடத்தில் புதியவன் ஒருவன், அதே ஒழுங்கு. மூலை உதையில் இரண்டு கோல் விழுந்தது. றஜிந்தன் இல்லாமலே விழுந்தது, ஐயா. அப்படியென்றால் அவன் தனியாக இதைச் செய்யவில்லை. இன்னொருவன் உள்ளே இருக்கிறான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி இருக்கிறது. அதற்கு மட்டும் என்னை விட்டீர்களென்றால், அவன் யார் என்று கண்டுபிடித்துத் தந்துவிடுவேன்.