காரணம் எழுதும் கட்டம்

— அந்த வரப்புல உக்காராத தம்பி, எறும்புப் புத்து. இப்படி மோட்டார் கொட்டாய் நெழலுக்கு வா. இப்ப சொல்லு. யாரு செத்துட்டாங்கன்னு சொன்ன?

— நீங்கதாங்க ஐயா.

— நானா.

— தசரதன்ங்கிறது நீங்கதானுங்களே? வேதாவோட அப்பா?

— தசரதன் நான்தான். மத்தத விடு. நீ யாரு?

— எம் பேரு மணிவேல். வேங்கிக்கால்ல வேதா வேலை பாக்குற ஆபீஸ்லதான் நானும் இருக்கேன். அவங்களுக்குப் பக்கத்து சீட்டு.

— அவ அனுப்பிச்சாளா?

— இல்லீங்க. நான் கீழ்பென்னாத்தூர் வந்ததே அவங்களுக்குத் தெரியாது. அவங்க இன்னைக்கு லீவு. நானும் அரை நாள் லீவு போட்டுட்டு வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

— லீவா. சரிதான். இன்னா காரணம் எழுதின? உங்க அப்பன் செத்துட்டான்னா?

— ஐயா, அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

— பேசு. உங்க ஆபீஸ்ல அப்படித்தான எழுதுவீங்க. ஐப்பசியில மல்லாட்ட புடுங்கி, நல்ல கடலக்காயா பொறுக்கி ஒரு மூட்டை கட்டிக்கினு பஸ் ஏறி வந்தேன். பொண்ணுக்குப் பச்ச மல்லாட்டன்னா உசுரு. தூறலு. துண்ட எடுத்து மூட்டை மேல போத்திட்டு நான் நனைஞ்சிகினு நின்னேன். கேட்டுல இருந்த வாச்மேன் என் பேரு, யாரப் பாக்கணும், இன்னா உறவுன்னு எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டர்ல தட்டினான். அப்புறம் இன்னா சொன்னான் தெரியுமா? வேதாவோட அப்பா ஆவணியிலியே காலமாயிட்டாரே பெரியவரே, நீ யாருன்னு கேட்டான்.

— தெரியுங்க.

— இன்னா தெரியும் உனக்கு? அறுவது வயசுல ரோட்டுல நின்னுகினு, நான் உசுரோடதான் இருக்கேன்னு ஒரு வாச்மேன் கிட்ட சத்தியம் பண்ணேன். போறவன் வர்றவன்லாம் நின்னு பாக்குறான். ஒரு நாள் லீவுக்கு அப்பனச் சாகடிச்சிட்டாடான்னு அன்னிக்கே வெளங்கிப்போச்சி. இத ஊட்டுக்காரி வெள்ளையம்மா கிட்டகூட நான் சொல்லல. இன்னான்னு சொல்றது? வாய் கூசுது.

— அத அவங்க எழுதல ஐயா.

— அப்ப யாரு எழுதினா?

— நான்.

— நீயா? நான் யாருன்னே உனக்குத் தெரியாதே. நான் உனக்கு இன்னா பண்ணேன்?

— நீங்க ஒண்ணும் பண்ணல. அதாவது, எங்க ஆபீஸ்ல எதுவும் பேப்பர்ல கெடையாதுங்க. லீவு வேணும்னாலும், வெளியாளு உள்ள வரணும்னாலும், பாரம் கம்ப்யூட்டர்லயே வரும். அது மொதல்ல யாரு கிட்ட போகணும், அவரு சரின்னா அடுத்து யாரு கிட்ட போகணும், எந்த எடத்துல நிக்கணும்னு முன்னாடியே வழி போட்டு வச்சிருப்போம். அதுக்குப் பேரு டெம்ப்ளேட்டு. அதப் போடுறது, மாத்துறது, கெட்டுப்போகாம பாத்துக்கிறது, எல்லாம் என் வேலை.

— தண்ணி கட்டுற வேலை. எந்த மடைய தொறக்குறது, எத அடைக்கிறதுன்னு.

— ஆமாங்க, அதேதான்.

— மடைய மாத்தித் தொறந்துட்டியா?

— அறுவது பேரு வேலை செய்யிற எடம் அது. பௌர்ணமின்னா பாதி சீட்டு காலியா இருக்கும். அடி அண்ணாமலைப் பக்கத்து ஆளுங்க கிரிவலத்துக்குக் கடை போட்டுடுவாங்க. டவுன்ல இருக்கிறவங்க வீட்டுல சொந்தக்காரங்க வந்து எறங்கிடுவாங்க. ஆனா லீவு லெட்டர்ல அத எழுத மாட்டாங்க. பாட்டி செத்துட்டாங்க, மாமா செத்துட்டாருன்னுதான் வரும். ஒருத்தருக்கு ஒரே வருஷத்துல நாலு தடவை பாட்டி செத்தாங்க. மேனேஜர் கோதண்டராமன் சார் என்னைக் கூப்பிட்டு, இனிமே காரணத்த அவங்களா எழுதக் கூடாது, நாமளே பட்டியல் போட்டுக் குடுப்போம், அதுல ஒண்ணத் தொட்டு எடுக்கட்டும், ஒரு சொந்தக்காரரு ஒரு தடவைக்கு மேல சாகக் கூடாதுன்னு டெம்ப்ளேட்ட மாத்தச் சொன்னாரு.

— அது நியாயந்தான்.

— மாத்தினா ஓட்டிப் பாக்கணுங்க. அதுக்கு ஒரு நகல் எடுத்து, இல்லாத ஆளு பேர்ல ஓட்டிப் பாக்கணும். அதுதான் முறை. நான் நகல் எடுக்கல. சோம்பேறித்தனம். ஓடிக்கிட்டு இருக்கிறதுலயே கைய வச்சேன். வேலை செய்யிறவங்க நம்பர் ஒண்ணு கேட்டுது. வேதா நம்பர் நாப்பத்தேழு. அத அடிச்சிட்டேன்.

— அவ நம்பரு உனக்கு எப்படி மனப்பாடம்?

— மத்தியானம் சாப்பாட்டு டோக்கன் எங்க ரெண்டு பேருக்கும் நான்தாங்க எடுப்பேன். அதனால. தேதி கேட்டுது, ஒரு ஞாயித்துக்கிழமைய போட்டேன். ஆபீஸே லீவு அன்னைக்கு, அதான் யார் கண்ணுலயும் படல. காரணம்னு வந்துது. பட்டியல்ல மொதல் வரி தந்தை மரணம். அதையே தொட்டேன்.

— மொதல் வரின்னு தொட்டுட்ட.

— மேல இருந்துதுங்க. அவ்ளோதான். அது ஒவ்வொருத்தர் கிட்டயும் போற மாதிரி நானே சரி சரின்னு தட்டிவிட்டேன், கடைசி வரைக்கும் ஒழுங்கா போச்சு. சந்தோசம் தாங்கல. மணி ஆறாயிடுச்சு, பஸ்ஸுக்கு ஓடிட்டேன். அத அழிச்சிட்டுப் போயிருக்கணும். அழிக்கல. அப்புறம் கேட்டு பாஸ் டெம்ப்ளேட்டையும் நானே இந்தப் பட்டியலோட சேத்து வச்சேன். யாரு பேரச் சொல்லிக்கிட்டு யாரு வந்தாலும் கேட்டுலயே தெரிஞ்சிடும்னு.

— சரிதான். கை தவறுறது எல்லாருக்கும் உண்டு. நான்கூட ஒரு வருசம் களைக்கொல்லிய மாத்தி அடிச்சி அரைக் காணி பயிர அழிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கணும் தம்பி. வாச்மேன் உள்ள போன் போட்டான். கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் கரெக்டு, அனுப்பிச்சிடுன்னு ஒரு கொரலு சொல்லிச்சி. எனக்கே கேட்டுது. நீ வந்ததுல இருந்து இந்தக் கொரல எங்க கேட்டோம்னு ரோசன பண்ணிகினு இருக்கேன்.

— நான்தாங்க அது.

— அப்ப உனக்குத் தெரியும்.

— வாச்மேன் இருசப்பன் உங்க பேரச் சொன்னதுமே எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. உங்க முகத்தப் பாக்காமலே, வந்திருக்கிறது நீங்கதான்னு தெரியும்.

— தெரிஞ்சும் அனுப்பச் சொன்ன.

— கோதண்டராமன் சார் என் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு. அந்தக் கேட்டு பாஸ் வேலைக்காக அன்னைக்குக் காலையிலதான் எல்லாரையும் நிக்க வச்சு என்னைப் பாராட்டினாரு. கை தட்டினாங்க. வேலை போயிடும்னுகூட நான் பயப்படல. கை தட்டினவங்க சிரிப்பாங்களேன்னு வெக்கம். அந்த வெக்கத்துலதான் வாயில வந்துடுச்சு. இருசப்பன் அப்புறமும் கேட்டான், வேதா கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடவான்னு. அப்பா செத்த பொண்ணு, கேட்டா மனசு ஒடைஞ்சி போயிடும், சொல்லாதன்னு அவன் வாயையும் நான்தான் அடைச்சேன்.

— அவ அப்ப எங்க இருந்தா?

— என் பக்கத்துல. காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு டைப் அடிச்சிக்கிட்டு இருந்தாங்க.

— மூட்டைய அங்கியே போட்டுட்டு வந்துட்டேன்.

— இருசப்பன் உள்ள கொண்டாந்தான். யாரோ விட்டுட்டுப் போனதுன்னு சொல்லச் சொன்னேன். சாயங்காலம் டீக்கு அவிச்சி எல்லாரும் சாப்பிட்டாங்க. நானும் தின்னேன் ஐயா. வேதா ஒரு கை அள்ளினாங்க. எங்க கொல்லை மல்லாட்ட மாதிரியே இனிப்பா இருக்கு மணி, அப்பா ஏனோ இந்த வருஷம் கொண்டாரவே இல்லன்னாங்க.

— போதும்.

— நான் வந்து...

— போதும்னேன். செம்புல தண்ணி இருக்கு பாரு, எட்டிக் குடு.

— இந்தாங்க.

— ம். கார்த்திகை தீபத்துக்கு வேதா வந்தா. மூஞ்சக்கூட திருப்பிப் பாக்கல நான். பொங்கலுக்கு வந்து சேத்துல நடந்து இங்க வந்து, இதோ இந்த எடத்துலதான் நின்னா. அப்பா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா. மோட்டார போட்டுவிட்டேன், அந்தச் சத்தத்துல அவ பேசுறது கேக்காது. நடிக்கிறாளேன்னுதான் அப்ப நெனச்சேன்.

— என் கிட்டயும் சொல்லி அழுதாங்க. நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

— அஞ்சு மாசமா டீ வாங்கிக் குடுத்துகினு இருந்த. இன்னிக்கி இன்னா திடீர்னு?

— அவங்களுக்கு பேங்க்ல வேலை கெடைச்சிருக்குங்க. ஐதராபாத்த தாண்டி ஏதோ ஒரு ஊரு. இன்னும் பத்து நாள்ல போய்ச் சேரணும். அப்பா பேசலன்னா போகட்டும், போனா திரும்பி இந்தப் பக்கமே வர மாட்டேன்னு நேத்து சொன்னாங்க. இதுக்கு மேல மறைச்சா நான் மனுசனே இல்ல.

— பேங்க்ல வேலை. என் பொண்ணுக்கு. அத நீ வந்து எனக்குச் சொல்ற.

— ஆமாங்க. இன்னைக்கு லீவு போட்டதுகூட அதுக்குத்தான். இருப்பிடச் சான்று வேணுமாம். தாலுக்கா ஆபீஸ் போயிருக்காங்க.

— எங்க?

— தாலுக்கா ஆபீஸுங்க. பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்களாம்.

— அதுக்கு இன்னா கேப்பாங்க அங்க?

— ரேஷன் கார்டுதான் கேப்பாங்க. உங்க கிட்ட கேக்க பயம், அதனால பழைய கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வச்சிருந்தாங்க, அத எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. புது கார்டு லிஸ்டு தாலுக்கா ஆபீஸ்லயே இருக்குமே, பாத்துப்பாங்கன்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

— லிஸ்டுல பாப்பாங்க.

— பாப்பாங்க. ஏங்க?

— மணி இன்னா இப்ப?

— பத்தே கால்.

— அவ கிட்ட செல்லு இருக்கா? போடு.

— போடுறேன். உங்க கொரலக் கேட்டா எவ்ளோ சந்தோசப்படுவாங்க. சுவிட்ச் ஆஃப்னு வருதே ஐயா. கவுண்டர் கிட்ட போயிட்டாங்க போல.

— இந்த விசயத்த அவ கிட்ட சொல்லிட்டியா நீ?

— இல்லீங்க. மேனேஜர் கிட்ட காலையில சொல்லிட்டேன். மூணு மாசம் சம்பளத்துல புடிப்பேன்னாரு, சரின்னேன். வேதா கிட்ட சொல்ல மொகம் இல்ல. மொதல்ல உங்க கால்ல விழுந்துட்டு, அப்புறம் உங்களக் கூட்டிக்கிட்டுப் போயி...

— எந்திரி. எந்திரி தம்பி, கால தொடாத. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. வண்டிய எடு.

— சட்டைகூட போடலையே ஐயா நீங்க. கை கால் எல்லாம் சேறு. வீட்டுக்குப் போயிட்டு...

— துண்டு போதும். வண்டிய எடுன்னேன். அரை மணி நேரத்துல போயிடலாமா?

— போயிடலாம். எதுக்குங்க இவ்ளோ அவசரம்? மத்தியானம் எப்படியும் ஹாஸ்டலுக்குத்தான் வருவாங்க, அங்க நிம்மதியா பாக்கலாம்.

— அதுக்குள்ள அந்த லிஸ்ட அவளுக்குப் படிச்சிக் காட்டிடுவாங்க. என்னைக் கேட்டுல வச்சிக் கேட்ட மாதிரி, நீ யாரும்மான்னு கேப்பாங்க.

— புரியலீங்க.

— மார்கழியில புது கார்டுக்குப் பாரம் குடுத்தாங்க. எத்தினி பேரு இருக்காங்கன்னு எழுது, எந்தப் பேர எடுக்கணுமோ அத எடு, குடும்பத் தலைவரு நீ, உன் கையெழுத்து இருந்தா போதும்னாங்க. பேர எடுத்தா பக்கத்துலியே காரணத்துக்கு ஒரு கட்டம். உங்க டெம்ப்ளேட்டு மாதிரிதான், பட்டியல் போட்டுக் குடுத்திருந்தாங்க. கல்யாணமாயி போயிட்டாங்க. வெளியூரு போயிட்டாங்க. மூணாவதா இன்னொண்ணு.

— ஐயா, வெளியூருன்னுதான போட்டீங்க?

— மேல இருந்துதுன்னு தொட்டவன் நீ, தம்பி. நான் மூணையும் ரெண்டு தடவை படிச்சிப் பாத்துட்டு, பொண்ணு பேருக்கு நேரா செத்துட்டான்னு போட்டேன்.