காட்டுப் பியோனியின் சொந்தபந்தங்கள்

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமே இல்லாமல் ஓடுகிறது, சார். கொடுத்து வைத்தவர் நீங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் கிழட்டு எருமை மாதிரி உறுமும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நடந்ததைக் கவனக்குறைவு என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அந்தப் பட்டம் பள்ளிக்கூட நாளிலிருந்தே என்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பியோனி தெரியுமா உங்களுக்கு? முட்டைக்கோசு அளவுக்குப் பூக்கும் செடி. பூவைப் பார்த்துச் சொக்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வேர்தான் வேலை. வேரில் கசப்புக்கு ஒரு வேதிப்பொருள், துவர்ப்புக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று. வாசனைக்காரனுக்குப் பெயர் பியோனால். சூடு கொஞ்சம் கூடினாலும் காற்றோடு ஓடிப்போகிற ரகம். தோட்டத்துச் செடியைவிட மலைச்சரிவில் தானாக வளர்ந்த செடியில் அது அதிகம் என்பது, ஆய்வுக்கூடத்தை நடத்தும் என் அக்காவின் நம்பிக்கை. அதை நிரூபிக்காவிட்டால் பணம் போட்டவர்கள் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிவிடுவார்கள். தோண்ட அனுமதி கிடைத்தது ஒரே தடவை. கொண்டுவந்ததும் கொஞ்சம் வேர்தான்.

அந்த வேரை மின்சார உலர்த்தியில் காயவைக்கும் வேலை எனக்கு. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை அக்காதான் இழுத்துவந்து இரவுப் பணியில் போட்டாள். "வெதுவெதுப்புக்கு மேல ஏத்தாதடா, உனக்குப் புண்ணியமா போகும்" என்று ஒருநாள் விடாமல் சொல்லிவிட்டுப் போவாள். நான் ஏற்றினேன். சீக்கிரம் காய்ந்தால் சீக்கிரம் படுக்கலாம். விடிந்து பார்த்தால் கட்டடம் முழுக்க அருமையான வாசனை. கட்டடம் மணத்தால் வேரில் என்ன மிச்சம் இருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பரிசோதனைக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுத்தமான பியோனால் ஒரு புட்டியில் வாங்கி வைத்திருப்பார்கள். வெள்ளை ஊசி ஊசியாக இருக்கும். கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து வேர்ப்பொடியில் கலந்துவிட்டேன். அளவெல்லாம் குத்துமதிப்புதான். சமையலில் உப்புப் போடுகிற மாதிரி.

காட்டு வேரில் பியோனால் அதிகம் என்று முடிவு வந்தபோது அக்கா என் தலையைக் கோதிவிட்டாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றுவது என் கடமை என்று தோன்றியது. இதில் தப்பு இருப்பதாக இப்போதும் நினைக்கவில்லை.

தப்பு மூக்கிடம் இருந்தது. மூக்கு என்றால் அங்கே மூத்த ஆய்வாளர். மூக்கு அவருக்கு முன்னால் அறைக்குள் வரும், அதனால் அந்தப் பெயர். நல்ல மனிதர். என்னை "மச்சினரே" என்றுதான் கூப்பிடுவார், முதலாளியம்மாவின் தம்பி என்பதால். ஒருநாள் சாயங்காலம் நான் பணிக்கு வந்ததும் பரிசோதனை இயந்திரத்தின் திரையைக் காட்டினார்.

"இங்க பாருங்க மச்சினரே. உங்க பியோனாலுக்குச் சொந்தபந்தமே இல்லையே."

"புரியலையே சார்."

"செடிக்குள்ள இவன் தனியா இருக்கமாட்டான்யா. இவனோட உறவுக்கார சரக்கெல்லாம் கூடவே நிக்கும், சர்க்கரை மூலக்கூறை ஒட்டிக்கிட்டு. இங்க மாப்பிள்ளை மட்டும் பட்டுவேட்டி கட்டிட்டு வந்து நிக்கிறான். பொண்ணு குடுப்பீங்களா?"

"காயவச்சதால இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும். ஃப்ரீசர்ல ஒரு பிடி பச்சை வேர் எடுத்து வச்சிருக்கேன். நானே செஞ்சு பாத்துட்டு மேடம்கிட்ட பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தும்மினார். அவருக்கு இரண்டு நாளாகச் சளி. தைலம் வாங்கிக்கொடுத்ததே நான்தான்.

மறுநாள் சாயங்காலம் அவர் முதல் கரைசலை முன்னறை இயந்திரத்தில் ஓடவிட்டுவிட்டு, இரண்டாவதைத் தயாரிக்கப் பின்னறைக்குப் போனார். கரைப்பான் ஆவியாகும் இடம் அது, மூச்சில் அதிகம் போனால் ஆளைச் சாய்த்துவிடும். கதவைச் சாத்தித்தான் வேலை செய்யவேண்டும். பொறி பறந்து தீப்பிடிக்கக் கூடாது என்று ஃபேனின் சுவிட்சை வெளிச்சுவரில் வைத்திருந்தார்கள். அந்த உறுமல் தாங்காமல் மூக்கு எப்போதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பாட்டுக் கேட்பார். ஃபேன் நின்றாலும் காதுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரிந்திருக்கும், சாதாரண நாளாக இருந்தால்.

நான் ஃபேனை நிறுத்தினேன். எனக்கும் தலைவலிதான்.

உள்ளே அவர் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். குரல் சுமார்தான். ஓரிடத்தில் அடியை விழுங்கினார். பிறகு கண்ணாடி ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. நான் போய் டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து ஃபேனை மறுபடி போட்டேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து கத்தினேன். கத்தியது நடிப்பு என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவரை எடுத்துக்கொண்டு போனது. அக்கா கூடவே போனாள். நான் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அவர் ஓடவிட்டிருந்த இயந்திரம் வேலையை முடித்துத் திரையில் கோடுகளைக் காட்டியது. பச்சை வேரின் கோடுகள். பியோனால் உயரமாக நின்றது. பக்கத்தில் அதன் சொந்தபந்தம் மொத்தமும் வரிசை கட்டி நின்றது, கல்யாண போட்டோவில் நிற்கிற மாதிரி. காட்டுச் செடியில் அது அதிகம்தான், சார். அக்கா சொன்னது உண்மைதான். அவர் உயிரோடு இருந்திருந்தால் மறுநாள் காலையில் அவளிடம் அதைத்தான் சொல்லியிருப்பார். என்னையும் ரெண்டு திட்டு திட்டியிருப்பார்.

நேற்று அக்கா கேட்டாள், "ஃபேன் சுவிட்சுல உன் கை பட்டுச்சாடா?" சாப்பாடு என்ன என்று நான் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலைவரை திறக்கவில்லை.

அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை அவள் இன்னும் கவனிக்கவில்லை. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். திரையில் வந்த அளவையும் நான் கலந்த வேரில் வந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது. கத்தி நுனியில், கண் மதிப்பில், படிப்பைப் பாதியில் விட்டவன் போட்டது. இதைக் கவனக்குறைவு என்று யாராவது சொல்வார்களா, சார்?